மனுவில் அக்காவின் பெயர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு மனுவை மேசையில் வைத்து எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். சட்டப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் பட்டியல் சாதியில் வருவார்கள். அதே தெருவில் பிறந்து கிறிஸ்தவர் ஆனவர்களுக்கு அந்த இடஒதுக்கீட்டு உரிமை இல்லை; அதைக் கேட்டுத்தான் அந்த மனு. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டால் தீண்டாமை போய்விடும் என்று சர்க்கார் நம்புகிறதா என்று அன்றைய பிரசங்கத்தில் போதகர் கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு, எதற்கெடுத்தாலும் சிலிர்க்கும்.

விவரங்களை எழுத என்னைத்தான் உட்கார வைத்தார்கள். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குத் திமிரும் உண்டு. எங்கள் சபையில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர்கள். ஞானஸ்நானப் பெயர் சர்ச்சுக்கு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த இந்துப் பெயர் வெளியே. சபைப் பதிவேட்டில் 'இன்னார் என்கிற இன்னார்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் அக்கா பெயரையும் அப்படியே எழுதினேன். வேலை என்ற கட்டத்தில் அவளுடைய சர்க்கார் ஆபீசின் பெயரைப் பெருமையாக எழுதினேன். அன்று அவள் தலைவலி என்று லிங்கராஜபுரத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டதால், அவளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். சோற்றில் வைத்த அக்காவின் கை அப்படியே நின்றது.

"என்னோட ரெண்டு பேரையுமா எழுதுன?"

ஆமாம் என்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கு வேலை கிடைத்ததே 'இந்து ஆதி திராவிடர்' என்ற சான்றிதழில்தான். சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு தாலுகா ஆபீசில் இன்னும் முடியவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் வேறு சம்பளமும் இல்லை. மனுவோ மறுநாள் காலையில் சர்க்கார் கைக்கு, விதான சௌதாவுக்குப் போகிறது. அக்காவைக் காட்டிக்கொடுக்க எதிரி எவனும் வேண்டியதில்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

கை கழுவிவிட்டு ரெண்டு பேரும் போதகர் வீட்டுக்குப் பஸ் ஏறினோம். வழியில் அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாள்களை அதற்குள் யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருப்பார்களோ, ஜெராக்ஸ் எடுத்திருப்பார்களோ, பேப்பர்காரர்கள் கண்ணில் பட்டிருக்குமோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிதானமாக நிறுத்திய டிரைவர் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

நல்லவேளை, தாள்கள் போதகர் வீட்டு மேசையிலேயே இருந்தன. விஷயத்தைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. இந்தப் பயத்தை வைத்துத்தான் நம் வாயை அடைக்கிறார்கள், வேலையில் இருக்கிற நீயே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "நாளைக்கு எனக்கு மெமோ வந்தா, சர்ச்சுல வேலை போட்டுக் குடுப்பீங்களா ஐயா?"

போதகர் தாள்களைப் புரட்டினார். பெயரை அடித்தாலும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், தாளையே எடுத்துவிடுகிறேன், அதில் இருக்கிற மற்றவர்களிடம் வீடு வீடாகப் போய் மறுபடி கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். தாளை உருவி அவளிடம் கொடுத்தார்.

அக்கா உடனே கிளம்பவில்லை. மனுவின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். நான் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தேன். படித்து முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"நியாயமாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். தன் பெயர் இருந்த தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள். அந்தச் சுக்கல்களை அவர் வீட்டுக் குப்பைக்கூடையில் போடவும் மனம் வராமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. மறுநாள் காலை அக்கா கண்ணாடி முன்னால் நின்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்வதுபோல, பொட்டு வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். இருக்கிறது என்றேன்.