முருகையாவின் பீங்கான் மாதுளை

மலேசியாவின் ஈப்போவில் முப்பத்தொரு வருஷம் சீன முதலாளி ஒருவரிடம் லோரி ஓட்டிய மனுஷன் முருகையா. 2014இல் மனைவி நிர்மலாதேவியோடு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வந்து இறங்கினார். இனி ஹில்ஸ்பரோவில், மகள் வீட்டில்தான் வாசம். கைப்பைக்குள் துண்டில் சுற்றிய மூன்று பழைய பீங்கான் பழங்கள். பீச், நீண்ட ஆயுளுக்கு. விரல் விரலாய் நீளும் ‘புத்தர் கை’ நாரத்தை, நல்லாசிக்கு. மாதுளை, பிள்ளைச் செல்வத்துக்கு.

மாதுளை வைத்தும் முதலாளியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, அது வேறு கதை. முதியோர் இல்லத்துக்குப் போகிற அன்று, புருஷன் வீட்டு முன்னோருக்குப் படைத்து வந்த அந்தப் பழங்களை இவர் கையில் கொடுத்தாள்.

“நீ வச்சுக் கும்பிடு முருகா. வெறும் பழமா மட்டும் வச்சிடாதே லா. உள்ளே விதை இல்லாட்டி பெரியவங்களை ஏமாத்தினதா ஆயிடும்.”

மாதுளையின் அடித்துளை வழியே அவள் போட்டிருந்த நெல்மணிகள் உள்ளே கலகலத்தன. இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் நிரப்பக் கொடுத்த அட்டையில் கேட்டிருந்தது: பழம், விதை ஏதும் உண்டா?

“ஏங்க, இல்லைன்னு போடுங்க. பீங்கான்தானே!”

“சாமிக்கு வச்சதைப் பழமில்லேன்னு எழுதச் சொல்றியா தேவி?”

“எழுதுங்க, எழுதுங்க. சோதனை நாய் வந்து உங்களையே மோந்து பார்க்கட்டும்.”

‘ஆமாம்’ கட்டத்தில் அழுத்திக் கோடு போட்டார். பிடித்தால் பிடிதான்.

சோதனை மேசையில் இருந்த பெண் அதிகாரி பழங்களைப் பார்த்துச் சிரித்தாள். மாதுளையை ஆட்டியதும் சிரிப்பு நின்றது.

“உள்ளே என்ன?”

“நெல்.”

“உண்மையைச் சொன்னீர்கள், அபராதம் இல்லை. ஆனால் நெல் இந்த நாட்டுக்குள் வரக் கூடாது. எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பழத்தையும் விட்டுப் போக வேண்டும்.”

சின்ன இடுக்கியால் அவளே ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினோராவது நெல்மணி வரவே மாட்டேன் என்றது. இவ்வளவு நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்த தேவிதான் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள்.

காரில் மாதுளையை ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

மறுநாள் காலை மகள் வீட்டுக் கொல்லை எலுமிச்சையில் நாலு பழம் பறித்தார். விதையை எடுத்துக் கழுவி, ஜன்னலோரம் காயவைத்தார்.

“மாதுளைக்குள்ள எலுமிச்சை விதையா? யாராவது கேட்டா சிரிப்பாங்க.”

“நெல்லு மட்டும் மாதுளையில காய்க்குதா?”

விதைகளைப் போட்டு முடித்தும் மனசு ஆறவில்லை. ஈப்போ முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முதலாளியம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தப் பழம் இனிப்பா, புளிப்பா?”

“நல்ல புளிப்பும்மா.”

“அப்படின்னா சரி லா. என் மாமனாருக்குப் புளிப்புன்னா உயிரு.”