மடக்கி ஒட்டிய பச்சை வயர்

எங்கள் தொழிலில் பழுதைக் கடைக்குக் கொண்டுவந்து காட்ட யாராலும் முடியாது. மிக்ஸி ஓடவில்லை என்றால் மிக்ஸியைத் தூக்கி வரலாம். கீபோர்டையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு சேர்த்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் என்கிற ஒரு முனகல் கிளம்புகிறதே, அது வீட்டை விட்டு வராது. நாங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். போனால், பாதி நாள் அது அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டிருக்கும்.

தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எனக்குக் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் இந்த மலையாள ஊரில் பாதிப் பேருக்கு நான் அண்ணாச்சி. வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்கிறவர்களே, ஃபேனை நிறுத்திவிட்டு, ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, வியர்வை வழிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'இன்னும் கேட்கிறதே' என்று தலையில் கை வைத்தவர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் எனக்காகவும்.

மாமியின் சார்ஜர்

கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் விஜயா மாமி வீணை வகுப்பு எடுக்கிறார். மாணவர்கள் எல்லாம் வெளிநாட்டில். வீணையில் ஓசையைப் பிடிக்கும் ஒரு பிக்கப், அது சவுண்ட் கார்டுக்குள் போகும். சவுண்ட் கார்டு லேப்டாப்புக்குள் போகும். பக்கத்தில் கரண்டில் ஓடும் ஒரு பெரிய ஸ்பீக்கர். எல்லாம் நல்ல சாமான்கள். ஆனால் வீணை நின்ற இடத்தில் எல்லாம் ஹம் ஓடியது. மாமி சுருதிப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு.

நான் ஒரு மணி நேரம் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி மாட்டினேன். கடைசியில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன். ஹம் நின்றது. சார்ஜரைக் கழற்றிவிட்டு வகுப்பு எடுங்கள் என்று பெருமையோடு சொன்னேன். மாமி என்னையும் சார்ஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதைக் கழட்டறதுக்கா ஒன்னை ஆட்டோ வச்சு வரவழைச்சேன்? முக்கா மணியில பேட்டரி செத்துப்போயிடும், அப்புறம் பாக்கி வகுப்பை ஒங்காத்துலேர்ந்து எடுக்கட்டுமா?"

ஐந்து நிமிட வேலை

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதைவிடச் சட்டென்று வருவது ரோஷம். அடுத்த நாளே மாமி வீட்டுக்குப் போய் நின்றேன்.

ஹம் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். லேப்டாப் தன் சார்ஜர் வழியாக வீட்டு எர்த்தைத் தொடுகிறது. ஸ்பீக்கர் தன் பிளக் வழியாக அதே எர்த்தைத் தொடுகிறது. பாட்டு போகும் கேபிள் இரண்டையும் இன்னொரு பக்கம் சேர்த்துவிடுகிறது. இப்படி ஒரு வட்டம் உண்டாகிவிட்டால் அதற்குள் கொஞ்சம் கரண்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றல்தான் காதில் ஹம். வட்டத்தைப் பாட்டுக் கேபிளில் வெட்ட வேண்டும். அதற்கென்று நடுவில் வைக்கும் சின்னப் பெட்டிகள் உண்டு. அதுதான் முறை. முறை தெரியாதவன் இல்லை நான்.

ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்பீக்கரின் த்ரீ பின் பிளக்கைத் திறந்து, எர்த் பின்னில் இருக்கும் பச்சை வயரை மட்டும் கழற்றி, மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, பிளக்கை மூடிவிடலாம். ஐந்து நிமிடம். வட்டம் அறுந்துவிடும், ஹம் செத்துவிடும். மாமி வீட்டில் அதைத்தான் செய்தேன். அப்புறம் தம்பானூரில் லாட்ஜ் மேனேஜர் ஒருவரின் அறையில் செய்தேன். பேரூர்க்கடையில் செல்வி டீச்சர் வீட்டில் செய்தேன். கடைசியாக விழிஞ்ஞத்தில் ஜோபின் வீட்டில். நான்கு இடத்திலும் யாரும் பிளக்கைத் திறந்து பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் அமைதியாகிவிட்ட அந்த நிமிடத்தில் வீட்டுக்காரர்கள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. விஜயா மாமி அன்றைக்கு டம்ளர் நிறைய காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கையில ஏதோ வச்சிருக்கேடாப்பா நீ! நேத்திக்கு ஒன்னைத் திட்டினதை மனசுல வச்சுக்காதே."

விழிஞ்ஞம்

ஜோபின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். முப்பது வயது இருக்கும். சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டு அமைப்பான். வீட்டுப் பின்னறையில் கிட்டார், அதற்கு ஒரு ஆம்ப் ஸ்பீக்கர், மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர். அவன் மனைவி ஷைனி குளச்சல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள்தான் ஒரு மழைநாள் மத்தியானம் போன் செய்தாள். கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்தவன் மைக்கில் வாய் பட்டதும் தூக்கி எறியப்பட்டுவிட்டான் என்றாள்.

நடந்தது எனக்குப் போனிலேயே புரிந்துவிட்டது. கடற்கரை உப்புக்காற்றில் அந்த ஆம்பின் உள்ளே கசிவு ஏற்பட்டிருக்கிறது. கசிந்த கரண்ட் பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். அந்த வழியை அடைத்தவன் நான். அதனால் அது கிட்டார் கம்பி வழியாக அவன் இடது கைக்கு ஏறி, உதட்டு வழியாக, கம்ப்யூட்டர் மூலம் எர்த்தைத் தொடும் மைக்குக்கு இறங்கியிருக்கிறது. கசிவு கண்டால் கரண்டைத் தானே நிறுத்தும் பெட்டி அந்தப் பழைய வீட்டில் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஜோபின் உதடு வெந்து, தோளில் கட்டோடு படுத்திருந்தான். உயிர் இருந்தது. அவன் என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். "அண்ணாச்சி சரியாக்கித் தந்ததுக்கப்புறம் ஹம்மே இல்ல கேட்டோ" என்று ஷைனியிடம் சொன்னான். என்னைச் சிபாரிசு செய்கிறான்! அதற்கு மேல் தாங்கவில்லை. பச்சை வயர் விஷயத்தை இருவரிடமும் அங்கேயே சொன்னேன். ஜோபின் கண்ணை மூடிக்கொண்டான். ஷைனி அழவில்லை, கத்தவில்லை.

"இன்னும் எத்தன வீட்டுல இப்பிடி செஞ்சு வச்சிருக்கிய?"

லாட்ஜ் மேனேஜர்

மூன்று. மறுநாள் காலை முதல் வேலையாக, கடையிலிருந்து எட்டிக் கூப்பிடும் தூரத்தில் இருக்கும் லாட்ஜ் மேனேஜரிடம் போனேன். நாகர்கோவில்காரர், சங்கரபாண்டி. பகலில் சாவி கொடுப்பார், ஓய்வில் கீபோர்டில் மெட்டுப் போடுவார். பிளக்கைக் கொடுங்கள், தப்பு செய்துவிட்டேன் என்றேன். அவர் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருப்பதைக் கெடுக்காதேயும் என்று பிளக்கைக் கையால் மறைத்துக்கொண்டார்.

ஜோபினின் உதட்டைப் பற்றிச் சொன்னேன். கை தானாக விலகியது. பச்சை வயரை அதன் இடத்தில் முடுக்கினேன், ஹம் உடனே திரும்பி வந்தது. பிறகு எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் மாட்டி, பாட்டுக் கேபிளின் நடுவில் சின்னப் பெட்டி வைத்து, முறைப்படி அதை நிறுத்த மத்தியானம் ஆயிற்று. சங்கரபாண்டி முழு நேரமும் கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருசமா அடிக்காத ஷாக்கு, நீரு சொன்ன பொறவு இப்பந்தான்வே அடிக்கி."

மறுபடியும் மாமி

விஜயா மாமி வீட்டில் அவருக்கு வகுப்பு நேரம். திரையில் ஒரு சிறுமி வீணையோடு காத்திருந்தாள். நான் ஸ்பீக்கரை நேராகச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மாமி திகைத்துப்போனார். விஷயத்தைச் சொன்னதும் வகுப்பை முடித்துவிட்டு, நான் வேலை செய்கிற வரை எதிரிலேயே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை முடிந்ததும் எனக்குக் காப்பி வந்தது. டம்ளரை என் கையில் தராமல் மேஜை மேல் வைத்தார்.

"ஒன்னை நான் அவசரப்படுத்திட்டேனோ? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேட்டரியிலயே முக்கா மணி வாசிச்சுட்டுப் போயிருப்பேனே."

வித்துரா

செல்வி டீச்சரின் நம்பர் வேலை செய்யவில்லை. பேரூர்க்கடை வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா, டீச்சருக்கு வித்துரா பக்கம் ஒரு ஸ்கூலுக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார். எந்த ஸ்கூல் என்று தெரியவில்லை. டீச்சருக்கு ஒரு சின்னப் பெண் உண்டு. நான் வேலை செய்த அன்று கீபோர்டை விட்டு நகராமல் நின்ற குழந்தை. பொன்முடி போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு அந்தக் குழந்தையின் விரல்கள்தான் நினைவில் இருந்தன. வெளியே மழை. மலைப்பக்கத்து வீடுகளில் தரை ஈரமாகவே இருக்கும் என்று வேறு மனம் சொல்லிக்கொண்டே வந்தது. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, அன்று கும்பிட்டேன்.

சந்தையில் விசாரித்து, இரண்டாவது ஸ்கூலில் ஆள் கிடைத்து, வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி நாலு. படியேறும்போதே உள்ளே யாரோ கீபோர்டில் ஒற்றை விரலால் வாசிப்பது கேட்டது. வாசிப்பு நின்றது. நின்ற இடத்தில் 'ம்ம்ம்' என்று ஹம். ஹம் இருந்தால் வட்டம் அறுபடவில்லை, பச்சை வயர் தன் இடத்தில் இருக்கிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷமாக நான் விரட்டி விரட்டி அடித்த சத்தம் அது. அன்றைக்குப் போல் அது எனக்கு என்றைக்கும் இனித்ததில்லை.

ஆனாலும் காதை நம்பிவிட்டுப் போகக் கூடாது என்று பிளக்கைத் திறந்து பார்த்தேன். பச்சை வயர் தன் திருகில் கெட்டியாக முடுக்கப்பட்டிருந்தது. டீச்சரின் கணவர் மின்சார வாரியத்தில் லைன்மேன். நான் வந்துபோன சாயங்காலமே திறந்து பார்த்து மாட்டிவிட்டாராம். அன்றே எனக்கு ஒரு போன் செய்திருந்தால் விழிஞ்ஞத்துக்கு நான் அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போயிருக்க மாட்டேன். ஜோபினின் இடது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மரத்துத்தான் கிடக்கின்றன. எனக்குக் கோபம் வந்தது, கோபப்பட வெட்கமாகவும் இருந்தது. ஏன் டீச்சர் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சேட்டன் விளிச்சு சொல்லணும்னுதான் நின்னாரு, நான்தான் வேண்டாம்னேன். இது உங்க பணியாச்சே அண்ணாச்சி, தெரிஞ்சுதானே செஞ்சிருப்பீங்க?"

இப்போதெல்லாம் எந்த வீட்டில் நுழைந்து ஹம் கேட்டாலும் முதலில் எனக்கு அப்பாடா என்று இருக்கிறது, அதை வெளியே காட்டினால் அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதால் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு பிளக்கைத்தான் முதலில் திறக்கிறேன்.