பம்பு வாங்கப் பலகையோடு போனேன்

தூத்துக்குடியில் தோணிகளைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கும் காண்ட்ராக்ட்டை எடுத்துச் செய்கிற பெண் நான் ஒருத்திதான். அடியில் ஒட்டிய சிப்பிகளை உதிர்க்க, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பம்பு வாங்கப் போனேன். தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் வைத்த சின்னது போதும் என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். “ஏளா, மிஷினப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? பெருச எடு. இரும்புத் துருவே பறக்கும்.”

எனக்கா தெரியாது என்ற வீம்பில் பெரியதையே எடுத்துவிட்டேன்.

மறுநாள் கரையேற்றிய தோணியில் பீய்ச்சினோம். சிப்பி பொலபொலவென்று உதிர்ந்தது. பெருமையோடு பலகையைத் தடவினேன், இடுக்குக்குள் விரல் போனது. தண்ணீர் புகாமலிருக்கத் திணித்திருந்த பஞ்சுத் திரியும் சிப்பியோடு போய்விட்டிருந்தது. அப்படியே பெயிண்ட் அடித்துக் கடலில் இறக்கியிருந்தால்? தோணியில் போகிறவர்கள் எட்டுப் பேர்.

தோணியை ஓட்டும் தண்டல் சொன்னார்: “மிஷினு நமக்கு ஆவாது தாயி. பழையபடி சுரண்டவே செய்யி.”

“மிஷினு மேல குத்தமில்ல அண்ணாச்சி. பாக்காம எடுத்த எம்மேலதான் குத்தம். மிஷின நான் விடமாட்டேன்.”

இடுக்கெல்லாம் புதுப் பஞ்சு திணித்த பிறகே பெயிண்ட் தொட்டேன். பிறகு, இடுக்கில் பஞ்சு திணித்த தோணிப் பலகை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, பம்பை மாற்றக் கடைக்குப் போனேன். இப்போது எந்த மிஷின் வாங்கவும் அப்படித்தான் போகிறேன்.

“என்னளா, பலகையத் தூக்கிட்டு வாரே?” என்றார் அன்று கடைக்காரர்.

“எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி. இதுக்குத் தெரியும். பீய்ச்சிக் காட்டுங்க.”