ஹேவர்ட் வீட்டு வேலி

நேற்றுக் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, எங்கடை ஹேவர்ட் எண்ட பேருக்கு என்ன கருத்தெண்டு தெரியுமே? வேலிக் காவல்காரனாம்! கட்டாக்காலி மாடு பயிருக்குள்ளை பூராமல் ஊர் வேலியளைக் காக்கிற ஆளாம்!"

சிரித்த சிரிப்பில் திருவலையில் விரலைக் கொடுக்கப் பார்த்தேன்.

பெயர் என் கணவர் வீட்டாருடையது. கணவரின் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவேன்; அவருடைய பாட்டனார் மிசன் பள்ளி விடுதியில் படித்தவர். அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் செலவுக்கு அனுப்ப, அவர் பெயரையே பிள்ளைக்குச் சூட்டிவிட்டார்கள். அந்நாளில் அதுதான் வழக்கம். முகம் தெரியாத அந்த மனிதரின் சோற்றில்தான் இந்தக் குடும்பம் எழும்பியது. மாமா சாப்பாட்டு ஜெபத்தில் அவரையும் ஒரு சொல் நினைப்பார்.

கருத்துத் தெரியாமலே மாமா பெயரைக் காப்பாற்றியவர். வருடா வருடம் கிளுவை மரத்துக் கதியால் ஊன்றி, தென்னோலைக் கிடுகு கட்டி, அப்படியொரு வேலி! நெல்லியடியில் எங்கள் சின்னத் தெருவில், ஒழுங்கையில், எல்லார் வேலியிலும் ஒரு பொட்டு இருக்கும், ஆள் புகுந்து அடுத்த வளவுக்குப் போகுமளவு. எங்களுடையதில் மட்டும் இல்லை. பக்கத்துச் செல்லம்மாக்காவின் ஆடு வெற்றிலைக்கொடியை மேய்ந்த அன்று, இருந்த பொட்டையும் மாமா அடைத்துவிட்டார். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

வெட்டிய கிளுவையின் வாசம் எங்கே வந்தாலும் எனக்குச் சண்டைக்காலத்து அந்த ஊரடங்கு நாள்தான் நினைவு. பட்டப்பகல். கணவர் கொழும்பில். ஒழுங்கையெல்லாம் ஆமி, தலை நீட்டினால் சுடுவார்கள். எனக்கோ நிறைமாதம்; வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது. மருத்துவிச்சி வீடு நாலைந்து வளவு தள்ளி. மாமா என் முகத்தைப் பார்த்தார். கத்தியை எடுத்துப் போய்த் தன் வேலியைத் தானே வெட்டினார்.

"செல்லம்மா! பிள்ளைக்கு வயித்துக்குத்து!"

"கேட்டுக்கொண்டு நிக்கிறியளே? கொண்டு வாங்கோ அண்ணை!"

சாய்மனைக் கதிரையில் வைத்து மாமாவும் செல்லம்மாக்காவின் கணவரும் என்னைத் தூக்கினார்கள். செல்லம்மாக்கா முன்னால் ஓடி, ஒவ்வொரு வேலியிலும் பொட்டைப் பிய்த்து அகலமாக்கினார். அவர் கையெல்லாம் இரத்தம். மகள் மருத்துவிச்சி வீட்டில் பிறந்தாள். அன்று வேலிகள் வழிவிட்டிராவிட்டால், இன்று பெயருக்குக் கருத்துத் தேட அவள் இருந்திருக்க மாட்டாள். அந்த நன்றி சொல்லித் தீராது.

மாமா பிறகு அந்தப் பொட்டை அடைக்கவேயில்லை. ஆடு வந்தால், "வந்திட்டார் மாப்பிளை" என்பார். திருநீறு பூசிய செல்லம்மாக்காவின் பெயரும் எங்கள் ஜெபத்தில் சேர்ந்துகொண்டது.

"அம்மா, அந்தப் பொட்டு இப்பவும் கிடக்கே? பிள்ளையளுக்குக் காட்ட வேணும். வாற லீவுக்கு வாறம்," என்றாள் மகள் போனில்.

யன்னலால் பார்த்தேன். அவள் அனுப்பிய காசில் வேலியை எடுத்துவிட்டுக் கட்டிய மதில், ஆளுயரத்துக்கு மேல். அந்தப் பக்கம் செல்லம்மாக்கா இருமுவது கேட்டது. போய்ப் பார்ப்பதென்றால் இரண்டு கேற்றும் திறந்து ஒழுங்கையைச் சுற்ற வேண்டும். அவருக்கும் முழங்கால், எனக்கும் முழங்கால்.

"வாங்கோ பிள்ளை," என்றேன். "இடத்தைக் காட்டிறன்."