தொட்டியின் மூடி

என் அக்கா புருஷனைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். "தங்கமான மனுஷன், இருக்கிற இடமே தெரியாது" என்பார்கள். ஆமாம், தெரியாதுதான். வாயைத் திறக்க வேண்டிய ஒரே நாளிலும் அப்படித்தான் இருந்தார்.

அக்கா வேலை பார்த்தது கண்ணாடிக்குப் பூச்சு போடும் தொழிற்சாலையில். பூச்சு என்றால் பெயின்ட் இல்லை. கண்ணாடியின் மேலேயே இன்னொரு கண்ணாடித் தோல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசில். வெளிச்சம் பட்டால் கூசாமல் இருக்க அது வேண்டும். மணலை உருக்கித்தானே ஊரெல்லாம் கண்ணாடி செய்கிறார்கள், நீ என்ன தண்ணீரில் செய்கிறாய் என்று கேலி பண்ணுவேன். "உனக்கு ஜாக்கெட் தைக்கத் தெரிஞ்சா போதும், போடி" என்பாள். அப்புறம் அவளே சொல்லவும் செய்வாள்.

சிலிக்கன் சேர்ந்த ஒரு திரவம், ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு அமிலம். தண்ணீர் பட்டதும் சிலிக்கன் துணுக்குகள் ஒன்றோடொன்று கைகோக்க ஆரம்பிக்கும். அமிலமும் குளிரும் இருந்தால் அது நிதானமாக நடக்கும், கலவை பல நாள் தண்ணீராகவே கிடக்கும். அந்த நேரத்துக்குள் கண்ணாடியை முக்கி, கை நடுங்காமல் ஒரே சீராகத் தூக்கி, காயவிட்டு, உலையில் சுட வேண்டும். துணுக்குகள் எல்லாம் பின்னிக்கொண்டால் தொட்டியோடு உறைந்துவிடும். அப்புறம் சுடவைத்தாலும் கலக்கினாலும் இளகாது, அள்ளிக் கொட்ட வேண்டியதுதான்.

அந்தக் கலவைக்கு எமன் அமோனியா. அந்த ஆவி இறங்கினால் அமிலத்தின் வேலை போச்சு, ஒரே ராத்திரியில் எல்லாம் கட்டியாகிவிடும். தரை துடைக்கிற மருந்தில் இருப்பதும் அதுதான். அங்கே துப்புரவு வேலைக்குத் தன் புருஷனைச் சேர்த்துவிட்டவளே அக்காதான். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "என் ரூமுக்கு வெறும் தண்ணிதாங்க. அந்த நெடி பாட்டில் வாசலத் தாண்டக் கூடாது." தலையை ஆட்டினார். தலையாட்ட அவருக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தலை நரைக்கிற வரைக்கும் அக்கா தற்காலிகம்தான். கண்ணாடி வாங்குகிற ஒரு பெரிய கம்பெனிக்காரர் நேரில் வந்து பூச்சு போடுவதைப் பார்க்கப்போவதாகச் செய்தி வந்தது. அது நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் வாய்விட்டே சொன்னார். அந்தக் கம்பெனிக்காரர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா புதுக் கலவை போட்டு, தொட்டியை மூடிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

காலையில் வந்தவர் எதிரில் மூடியைத் தூக்கினாள். லேசாக அந்த நெடி. மூடியின் உள்பக்கம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. யாரோ நன்றாகத் தேய்த்து, ஈரத்தோடு கவிழ்த்திருக்கிறார்கள். கீழே கலவை ஜெல்லியாக ஆடியது.

"மூடிய யாரு தொட்டது?" என்றார் மேனேஜர்.

வாசலில் துடைப்பத்தோடு அக்கா புருஷன். அக்கா அவரையே பார்த்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும் தொடலன்னா உன் கலவைலதான் கோளாறு" என்றார் மேனேஜர். புருஷனைக் காட்டிக்கொடுக்க அக்காவுக்கு நாக்கு எழவில்லை. அன்று மத்தியானமே அவளை வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவர் சத்தியம் பண்ணினார். "நான் தொடவே இல்ல. வேற யாராவது துடைச்சிருப்பாங்க." அக்கா அதையும் நம்பினாள், அசடு! நம்பினால்தானே ஒரே வீட்டில் இருக்க முடியும். என் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். கண்ணாடியை நடுங்காமல் தூக்கிய கை அது. எனக்குப் பார்க்கவே பொறுக்காது.

போன வாரம் அவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இனிப்புப் பெட்டியோடு கடைக்கே வந்துவிட்டார், ஈ என்று இளித்துக்கொண்டு. அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"என் ரூம்ல இப்ப யாரு?"

"புதுசா ஒரு பொண்ணு. ஆனா துடைக்கிறதெல்லாம் நான்தான்."

"அந்த மூடிய?"

"அதுக்கு இப்பல்லாம் வெறும் தண்ணிதான். அன்னைக்கப்புறம் அந்த நெடி பாட்டில நான் தொடுறதே…"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடப்பாவி!" என்று கத்தியது நான்தான். அக்கா கத்தவில்லை.

"அன்னைக்கே இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றாள்.

"சொல்லியிருந்தா என் வேலை போயிருக்குமே" என்றார் அவர். அவளுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று ஆச்சரியப்படுகிற மாதிரி.

அக்கா இனிப்புப் பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"போயிருக்கும்தான்" என்றாள்.