ஆண் சிலந்தியும் கலியாணத் தரகரும்

விலங்கியல் துறையில் நான் இளம் விரிவுரையாளராக இருந்தபோது, என் ஆய்வேட்டைப் பரீட்சகர் திருப்பி அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரே கேள்வி: "ஆண் எங்கே?"

நிலத்தில் வளை தோண்டி வாழும் சிலந்திகள்தான் என் ஆய்வு. இணுவில் செம்மண்ணில் இருப்பது ஓர் இனம், கரவெட்டியில் இருப்பது இன்னோர் இனம் என்று எழுதியிருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். அதே மண்ணிறம், அதே மயிர், சிறுவர் கல்லெறியும் கெற்றப்போல் தடிபோல் கவராகப் பிரியும் அதே வளை. பெண்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாலும் பிடிகொடுக்க மாட்டார்கள். வளர்ந்த ஆண்தான் சாட்சி. அதன் வாய்க்கு முன்னால் சின்னக் கால்போல இரண்டு உறுப்புகள் உண்டு. பெடிபால்ப் என்போம். அவற்றின் நுனியில் ஒரு குமிழ், குமிழில் ஓர் ஊசி. அந்த ஊசியின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். கரவெட்டி ஆண் என்னிடம் இருந்தது. இணுவில் ஆண் இல்லை.

ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் ஈவிரக்கம் காட்டவில்லை. "உந்த ஆண் இல்லாட்டி உம்மடை ரெண்டு இனமும் ஒண்டுதான். இந்த மாரிக்குள்ளை பிடியும். இல்லாட்டித் தலைப்பை மாத்தும்."

தலைப்பை மாற்றுவதென்றால் மறுபடி அரிவரியிலிருந்து தொடங்க வேண்டும். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது.

ஆண்கள் ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வளையை விட்டு வெளியேறிப் பெண் தேடி அலையும். கொஞ்ச நாளில் செத்தும் போகும். அந்த நேரத்தில் தோட்டத்திலேயே ஓர் ஆள் வேண்டும். இணுவிலில் வெங்காயத் தோட்டம் வைத்திருந்த செல்லையா அண்ணையைப் பிடித்தேன். தோட்டம் போக மிச்ச நேரத்தில் அவர் கலியாணத் தரகர்.

"மழைக்குப் பிறகு வெளியிலை திரியிறதுதான் ஆண், அண்ணை. கால் மெல்லிசா நீட்டா இருக்கும்."

"பொம்பிளை தேடித் திரியிறாராக்கும்?"

"ஓம்."

"அப்ப எங்கடை ஆள்தான்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஆரும் பாத்திருக்கோ, பிள்ளை?"

"நீங்கள் முதல் சிலந்தியைப் பாருங்கோ."

போரும் பொருளாதாரத் தடையுமாக, பிடித்ததைப் பதப்படுத்தும் ஸ்பிரிட் ஆய்வுகூடத்துக்கு வராத காலம். ஜாம் போத்தலில் பனஞ்சாராயம் ஊற்றிக் கொடுத்து, பிடித்ததும் இதற்குள் போட்டு மூடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மழை வந்தது. கூடவே பீரங்கிச் செல்லடியும் வந்ததால் சில நாள் இணுவில் பக்கம் போக முடியவில்லை. போனபோது அண்ணை வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மாப்பிள்ளை வந்திட்டார், பிள்ளை!"

போத்தலில் சாராயம் இல்லை. மண் பரப்பி, மூடியில் துளை போட்டிருந்தார். உள்ளே கொழுகொழுவென்று ஒரு பெண் சிலந்தி மட்டும் இருந்தது.

"அண்ணை, சாராயம்?"

"நாங்கள் சைவக்காரர். ஓர் உயிரை அதுக்குள்ளை அமுக்கிக் கொல்ல மனம் வருமோ? சாராயம் வீணாப் போகேல்லை, யோசியாதேங்கோ."

"ஆண் எங்கை?"

குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "நேற்று இருந்தவர்... தனிய இருக்கிறார், பாவம் எண்டு அதே வரம்பிலை ஒரு பொம்பிளையைக் கிண்டி எடுத்து விட்டனான். ஒரே தோட்டம், ஒரே மண். பொருத்தம் பாக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன்."

"அவள் திண்டிட்டாள், அண்ணை!"

"கலியாணத்துக்கு முதலோ, பிறகோ?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த மாரிவரை பேராசிரியர் பொறுக்கப் போவதில்லை. போத்தலை வேலியில் எறியக் கையை ஓங்கினேன். உலுக்கியதில் பெண் விலகினாள். அவளுக்குக் கீழே மண்ணோடு மண்ணாக ஒரு கறுப்பு உருண்டை கிடந்தது.

சிலந்தி சாற்றை உறிஞ்சிவிட்டு கடினமானதைத் துப்பிவிடும். அதை மாணவர்களுக்குப் படிப்பித்தவளே நான்தான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

உருண்டையைப் பஞ்சில் பொதிந்துகொண்டு சைக்கிளை மிதித்தேன். கரண்ட் இல்லாததால் மைக்ரோஸ்கோப்பை ஜன்னலடியில் வைத்து, அதன் அடிக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, தையலூசியால் உருண்டையைப் பிரித்தேன். கால் துண்டு, மயிர், ஓடு. அவற்றுக்கிடையே குமிழோடு ஒரு முழுப் பெடிபால்ப்! ஊசி நீளமாக, நுனி கொளுக்கிபோல் வளைந்திருந்தது. கரவெட்டி ஆணின் ஊசி கட்டை, நேர். சந்தேகமே இல்லை, இரண்டு இனம். தனியறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். "மிச்ச உடம்பு எங்கை?"

"பெண் சாப்பிட்டிட்டுது, சேர்."

"லேபிளிலை என்னெண்டு எழுதப் போறீர்?"

உள்ளபடியே எழுதினேன்: "ஆண். இணுவில். பெண் தின்றது போக மிச்சம்." பரீட்சகர் ஏற்றுக்கொண்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு போத்தலுக்கு ஒரு சிலந்தி. போத்தலின் அடியில் கிடப்பதைப் பார்க்காமல் எறியாதீர்கள், கோபத்தில் ஒருபோதும் எறியாதீர்கள்.

செய்தி சொல்ல இணுவிலுக்குப் போனேன். "இணுவிலும் கரவெட்டியும் வேறை வேறை எண்டு முடிவாப் போச்சு, அண்ணை."

செல்லையா அண்ணை மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"உதுக்கோ இவ்வளவு பாடு? இணுவிலுக்கும் கரவெட்டிக்கும் எத்தினை சம்பந்தம் பேசிப் பாத்திட்டன், ஒண்டாவது சரிவந்ததோ? என்னட்டை முதலே கேட்டிருந்தா அந்தப் பெடியன் உயிரோடை இருந்திருப்பான்."