கயிறு அறுந்ததை யாரும் எழுதவில்லை

மழை பொய்த்த 1947-ஆம் வருஷம். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக் கிணற்றில் வாளி முங்கத் தண்ணீர் கிடையாது. யாராவது உள்ளே இறங்கி, ஊற்றில் ஊறுவதைத் தேங்காய்ச் சிரட்டையால் கோரி வாளியை நிரப்ப வேண்டும். தெருவிலேயே ஒல்லியான உடம்பு வெங்கடம்மாளுக்கு. அதனால் இடுப்பில் கயிற்றைக் கட்டி அவளைத்தான் இறக்குவார்கள். மேலே கயிறு பிடிப்பவள் அடுத்த வீட்டுப் பாலாமணி.

ஒரு நாள் காலையில் கயிறு அறுந்தது. வெங்கடம்மாள் கணுக்கால் பிசகியதோடு தப்பினாள்.

பேப்பருக்குச் செய்தி அனுப்புகிறவர் ஒருவர் கடைவீதியில் இருந்தார். அந்த மகராசன் டீக்கடையில் இருந்த ஆண்களை எல்லாம் விசாரித்தார். விழுந்தவள் வீடு கூப்பிடு தூரம்தான். அங்கே வர அவருக்குக் கால் வலித்ததோ என்னவோ! "நெசவாளி லிங்கத்தின் மனைவி கணவனுடன் பிணங்கிக் கிணற்றில் பாய்ந்தாள்" என்று அச்சில் வந்துவிட்டது. அவள் வாயால் சொல்லக் கூடாத புருஷன் பெயரை வைத்தே அவளை ஊருக்குக் காட்டிக் கொடுத்தார்கள்.

சேதி கேட்டுப் பாலாமணி ஓடி வந்தாள்.

"அக்கா, தானாப் பாஞ்சா ஜெயிலாம்ல! போலீசு வருமாம்."

"நீதானடி கயிறு பிடிச்ச. நடந்ததச் சொல்லேன்."

"எங்க வீட்டுல அவுக வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டாக. கயித்த விட்டவ நீதான்னு என்னயும் பிடிச்சிட்டுப் போயிருவாகளாம்."

அவள் புருஷன் அப்பய்யாவின் மிரட்டல் அப்படி. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெங்கடம்மாளுக்கு, சேலை கொடுக்க மதுரைக்குப் போயிருந்த லிங்கத்தை நினைத்தால் போலீசை விடப் பயமாக இருந்தது. ஒரு நாளும் கை ஓங்காத மனுஷர். அங்கே நாலு பேர் முன்னால் இதைக் கேட்டிருப்பாரே, இனி வீட்டில் வைத்திருப்பாரா? தெருவில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம், பிசகிய காலோடு, தறிக்கு அடியில் கால் மிதிக்கும் குழிக்குள் இறங்கி ஒடுங்கிக்கொண்டாள்.

லிங்கம் வந்தபோதும் அவள் குழிக்குள்தான் இருந்தாள். அவர் கையில் பேப்பர்.

"நான் உன்ன என்ன செஞ்சேன்? ஏன் பாஞ்ச?"

"பாயலங்க. கயிறு அறுந்துருச்சு."

"பேப்பர்ல போட்டிருக்கானே!"

அவள் இரண்டு கைகளையும் விரித்து மேலே நீட்டினாள். விழும்போது எட்டிப் பிடித்த வாளிக் கயிறு உரசி உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை. பாய்கிறவள் கயிற்றையா பிடிப்பாள்? லிங்கம் வெகுநேரம் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்து அவளை மேலே தூக்கிவிட்டார்.

பேப்பர்காரரிடமும் போய் மாற்றிப் போடச் சொன்னார். "உங்க சம்சாரம் பேரையா போட்டேன்? விடுங்க" என்று அனுப்பிவிட்டார் அவர்.

போலீஸ் வரவில்லை. ஆனால் கால் தேறிக் கிணற்றடிக்குப் போனபோது, பாய்ந்தவள் என்று பேராகிவிட்ட வெங்கடம்மாள் இடுப்பில் கயிறு கட்ட ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. பாலாமணியை இறக்கினார்கள். கயிற்றை வெங்கடம்மாள் வாங்கிக்கொண்டாள்.

பாலாமணியின் தலை இருட்டுக்குள் மறைந்ததும் வெங்கடம்மாள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். இந்தக் கயிறும் அறுந்தால், நாளைக்குப் பேப்பரில் அப்பய்யாவின் மனைவி பாய்ந்திருப்பாள்.

"பாலாமணி!" என்று கத்தினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி."

மறுபடியும் கத்தினாள். வாளி நிரம்பி, அவள் மேலே வந்து சேரும்வரை, அந்தப் பெயரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.